கிலோ குறைஞ்சா காசு... வாட்ஸ்அப் குரூப் பந்தயத்துல உடம்பு நிஜமாவே இளைக்குமா?

ஏலச்சீட்டுல நீங்க சேர்ந்திருக்காட்டியும் உங்க அம்மா கண்டிப்பா சேர்ந்திருப்பாங்க. மாசம் பொறந்தா மளிகையில பத்து ரூபாயைக் குறைச்சாவது சீட்டுப் பணத்தைக் கட்டிடுவாங்க. அதே அம்மாகிட்ட, ``நீங்களா மாசம் ரெண்டாயிரம் எடுத்து வைங்க''ன்னு சொன்னா மூணாவது மாசம் அந்தப் பணம் இருக்காது. சீட்டுன்னா மட்டும் எப்படி முடியுது? பணம் ஏற்கெனவே உள்ளே மாட்டியிருக்கு, தெருவுல நாலு பேர் பார்த்துட்டிருக்காங்க. இந்த ரெண்டுதான் காரணம்.

இப்போ அதே சூத்திரத்தை உங்க தொப்பைக்குப் போட்டுப் பாருங்க. அஞ்சு நண்பர்கள், ஆளுக்கு 1,000 ரூபாய், மூணு மாசம், ஒரு வாட்ஸ்அப் குரூப். எடை குறைச்சவங்களுக்குப் பணம். குறைக்காதவங்களுக்குப் பட்டை நாமம். புத்தாண்டு வந்தாலே இப்படி ஒரு குரூப்புல யாராவது நம்மைச் சேர்த்துவிடுறாங்க. இது வேலை செய்யுமான்னு உலகத்துல பல டாக்டர்கள் நிஜமாவே பணம் கொடுத்துச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. பதில் கொஞ்சம் சுவாரஸ்யம், கொஞ்சம் எச்சரிக்கை.

தர்மபுரிக்காரங்களுக்கு இது ஏன் முக்கியம்னு முதல்ல பேசிடலாம். நம்ம தாத்தா காலத்துல காலையில ராகிக் களி, பிறகு முழு நாளும் காட்டுல வேலை. இன்னைக்கு பாலக்கோடு, பென்னாகரம், அரூர்னு எந்த ஊரா இருந்தாலும் வீட்டுக்கு ஒரு பையனோ பொண்ணோ ஓசூர் கம்பெனியிலயோ பெங்களூரு ஆபீஸ்லயோ உட்கார்ந்து வேலை பார்க்குறாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு, திங்கட்கிழமை காலையில பி.ஜி. ரூம்ல இறங்கி, வாரம் முழுக்க ஆர்டர் போட்ட சாப்பாடு. ஊர்ல இருக்கிறவங்க மட்டும் என்னவாம்? தெருமுனைக் கடைக்கும் பைக்லதான் போறோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவிகிதம் பேரும் ஆண்கள்ல 37 சதவிகிதம் பேரும் அதிக எடையோடவோ உடல் பருமனோடவோ இருக்காங்க. அதுக்கு முந்தைய 2015-16 ஆய்வுல பெண்கள் 30.9, ஆண்கள் 28.2. அஞ்சு வருஷத்துல இவ்வளவு ஏற்றம். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவிகிதம் பேருக்கு சர்க்கரை நோய்னு 2023-ல வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லுது. ரெண்டையும் சேர்த்துப் படிச்சா இது வெறும் ஜீன்ஸ் பேன்ட் பிரச்னை இல்லைன்னு புரியும்.

பெங்களூரு ஆபீஸ்ல அரை மாசச் சம்பளம்

நமக்கு ரொம்பப் பக்கத்துல நடந்த கதை ஜெரோதாவோடது. பெங்களூருவுல இருக்கிற பங்குச்சந்தை நிறுவனம். 2022 ஏப்ரல்ல, உலக சுகாதார தினத்தை ஒட்டி அதன் தலைவர் நிதின் காமத் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பி.எம்.ஐ. 25-க்குக் கீழே இருக்கிற ஊழியர்களுக்கு அரை மாசச் சம்பளம் போனஸ். ஆகஸ்ட்டுக்குள்ள மொத்த டீமோட சராசரி 24-க்குக் கீழே வந்தா எல்லாருக்கும் இன்னொரு அரை மாசச் சம்பளம்.

சோஷியல் மீடியாவுல பாராட்டை விட திட்டுதான் அதிகம். பி.எம்.ஐ.ங்கிறது எடையை உயரத்தின் வர்க்கத்தால வகுக்கிற ஒரு கணக்கு. அது கொழுப்பையும் தசையையும் பிரிச்சுப் பார்க்காது. தைராய்டு, பி.சி.ஓ.டி. இருக்கிறவங்களோட கஷ்டம் அதுக்குத் தெரியாது. பிறவியிலேயே ஒல்லியா இருக்கிறவர் ஒண்ணும் செய்யாமலே காசு வாங்கிட்டுப் போவார். பாடுபட்டு 32-லேர்ந்து 28-க்கு வந்தவருக்கு ஒண்ணுமில்லை. பி.எம்.ஐ. சிறந்த அளவுகோல் இல்லைதான், ஆனா ஆரம்பிக்க சுலபமான வழின்னு காமத்தும் ஒத்துக்கிட்டார்.

அதே வருஷம் செப்டம்பர்ல அந்த நிறுவனம் அறிவிச்ச அடுத்த சவாலைப் பாருங்க. எடையே அதுல கிடையாது. ஊழியர் தனக்குத் தானே ஒரு தினசரி உடற்பயிற்சி இலக்கை வெச்சுக்கணும். வருஷத்துல 90 சதவிகித நாள்கள் அதை முடிச்சா ஒரு மாசச் சம்பளம் போனஸ். கூடவே குலுக்கல்ல ஒருத்தருக்கு 10 லட்சம் ரூபாய். அதாவது, உடம்பு காட்டுற எண்ணுக்குப் பணம் தர்றதுலேர்ந்து, நீங்க தினமும் செய்யற வேலைக்குப் பணம் தர்றதுக்கு மாறினாங்க. என்னைக் கேட்டா இந்த மாற்றம்தான் முழுக் கதையிலயும் முக்கியமான பாடம்.

தங்கம் கொடுத்த ஊரும் இருக்கு. 2013 ரம்ஜான் மாசத்துல துபாய் மாநகராட்சி, குறைக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் தங்கம்னு அறிவிச்சது. குறைஞ்சது 2 கிலோவாவது குறைக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. நம்ம ஊர்ல இப்படி அறிவிச்சா எடை மிஷின் முன்னாடி போலீஸ் பந்தோபஸ்து போட வேண்டியிருக்கும்.

காசு கையை விட்டுப் போகுற வலி

இதோட அறிவியலுக்கு வருவோம். 1979-ல டேனியல் கானேமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் எழுதின ஒரு கட்டுரை பொருளாதாரத்தையே புரட்டிப் போட்டது. 100 ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தை விட, 100 ரூபாய் தொலையற வலி மனுஷனுக்குப் பெரிசுங்கிறது அதோட சாரம். பஸ்ல பர்ஸைத் தொலைச்சவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதை வெச்சு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவுல கெவின் வோல்ப் தலைமையிலான குழு ஒரு சோதனை செஞ்சது. 2008 டிசம்பர்ல முடிவு வெளியானது. உடல் பருமன் உள்ள 57 பேர். 16 வாரத்துல சுமார் 7 கிலோ குறைக்கணும். ஒரு குழுவுக்கு மாசா மாசம் எடை பார்க்கிறது மட்டும்தான். ரெண்டாவது குழுவுக்கு தினசரி லாட்டரி, ஆனா அன்னைக்கு எடை இலக்குக்குள்ள இருந்தாதான் பரிசு. மூணாவது குழு தங்களோட சொந்தப் பணத்தையே டெபாசிட்டா கட்டணும். நாளைக்கு 3 டாலர் வரைக்கும் கட்டலாம். ஜெயிச்சா அதுக்குச் சமமான தொகையோட திரும்பக் கிடைக்கும், தோத்தா போயே போச்சு.

டெபாசிட் குழு சராசரியா 6.3 கிலோ குறைஞ்சது. லாட்டரி குழு கிட்டத்தட்ட 6 கிலோ. சும்மா எடை பார்த்தவங்க 2 கிலோ கூட இல்லை. பணம் வாங்கின ரெண்டு குழுவுலயும் ஏறக்குறைய பாதிப் பேர் இலக்கைத் தொட்டாங்க. மூணாவதுல பத்துல ஒருத்தர்தான்.

`சூப்பர்'னு சொல்லிட்டு உடனே குரூப் ஆரம்பிச்சுடாதீங்க. பணம் நின்ன பிறகு, ஏழாவது மாசம் திரும்ப எடை பார்த்தாங்க. குறைஞ்ச எடையில கணிசமான பங்கு திரும்பி வந்திருந்தது. குழுக்களுக்கு இடையே சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை. காசு உங்களை ஓட வைக்கும், ஆனா காசு நின்னா நீங்களும் நின்னுடுவீங்க. இந்தத் துறையில அதுக்குப் பிறகு நடந்த ஆராய்ச்சி எல்லாமே இந்த ஒரு ஓட்டையை அடைக்கிற முயற்சின்னே சொல்லலாம்.

அஞ்சு பேர் சீட்டு

அப்படி ஒரு முயற்சிதான் 2013-ல வெளியானது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஊழியர்கள் 105 பேர். ஒரு பிரிவுக்கு தனித்தனியா, மாச இலக்கைத் தொட்டா 100 டாலர். இன்னொரு பிரிவுல அஞ்சு அஞ்சு பேரா குழு. குழுவுக்கு மாசம் 500 டாலர். இலக்கைத் தொட்டவங்க மட்டும் அதைப் பங்கு போட்டுக்கலாம். மூணு பேர் தவறவிட்டா மிச்ச ரெண்டு பேருக்கு ஆளுக்கு 250. நம்ம சீட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இல்ல?

24 வாரம் முடிஞ்சப்போ குழுவா இருந்தவங்க, பணமே வாங்காதவங்களை விட 4.4 கிலோவும், தனித்தனியா பணம் வாங்கினவங்களை விட 3.2 கிலோவும் கூடுதலா குறைச்சிருந்தாங்க. இத்தனைக்கும் குழுவுல இருந்த அஞ்சு பேருக்கும் ஒருத்தரையொருத்தர் யாருன்னே தெரியாது. `நான் விட்டா என் பங்கு இன்னொருத்தனுக்குப் போயிடும்'ங்கிற நினைப்பே போதுமானதா இருந்திருக்கு.

பிரிட்டன்ல நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. `கேம் ஆஃப் ஸ்டோன்ஸ்'னு பேரு. எடையை அங்கே `ஸ்டோன்' கணக்குல சொல்வாங்க, அதுல ஒரு சிலேடை. உடல் பருமன் உள்ள 585 ஆண்கள். ஒரு பிரிவுக்கு ஆரம்பத்துலயே, ``உங்க பேருக்கு 400 பவுண்டு ஒதுக்கியாச்சு''ன்னு சொல்லிட்டாங்க. 3-வது மாசம் 5 சதவிகிதம் எடை குறையலைன்னா அதுல 50 பவுண்டு போகும். 6-வது மாசம் 10 சதவிகிதம் இல்லைன்னா 150. ஒரு வருஷம் முடிவுல அந்த 10 சதவிகிதத்தைக் காப்பாத்தலைன்னா 200. கவனிச்சீங்களா? பெரிய தொகை குறைக்கிறதுக்கு இல்லை, குறைச்சதைக் காப்பாத்துறதுக்கு. கூடவே தினமும் போனுக்கு ஒரு மெசேஜ். வருஷக் கடைசியில இவங்க சராசரியா 4.8 சதவிகிதம் குறைஞ்சிருந்தாங்க. மெசேஜ் மட்டும் வாங்கினவங்க 2.7, ஒண்ணும் வாங்காதவங்க 1.3. இதுல சேர்ந்தவங்கள்ல கணிசமான பேர் வசதி குறைஞ்ச பகுதிகளைச் சேர்ந்தவங்க. ஜிம், டயட்டீஷியன்னு செலவு பண்ண முடியாதவங்களுக்கும் இது எட்டுச்சு.

போக்கிமான் ஆறு வாரம்தான்

பணம் வேண்டாம், விளையாட்டு போதும்னு சொல்றவங்க உண்டு. 2016-ல போக்கிமான் கோ வந்தப்போ உலகமே தெருவுல இறங்கி நடந்துச்சு. அமெரிக்காவுல 1,182 பேரோட போன் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. முதல் வாரம் ஒருத்தர் நாளைக்கு சராசரியா 955 அடி கூடுதலா நடந்திருக்கார். ஆறாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பொம்மை அலுத்துப் போச்சு, நடையும் போச்சு.

ஆனா கூட விளையாடுறது தெரிஞ்ச ஆளா இருந்தா கதை மாறுது. 94 குடும்பங்கள், 200 பேரை வெச்சு நடந்த ஒரு ஆய்வுல (2017) பத்துப் பைசா பரிசு கிடையாது. குடும்பத்துக்கு மொத்தமா பாயின்ட், லெவல். தினமும் குடும்பத்துல ஒருத்தர் பேரை கம்ப்யூட்டர் குலுக்கி எடுக்கும். அவர் நேத்து இலக்கை முடிக்கலைன்னா மொத்தக் குடும்பத்துக்கும் பாயின்ட் வெட்டு. `என்னால அப்பாவுக்குப் பாயின்ட் போயிடக் கூடாதே'ங்கிற ஒரு உறுத்தல் போதும். விளையாட்டு ஆடின குடும்பங்கள் நாளைக்கு 1,661 அடி கூட்டினாங்க. ஆடாதவங்க 636.

2019-ல 602 அலுவலக ஊழியர்களை வெச்சு நடந்த இன்னொரு ஆய்வுல, ஆதரவு, கூட்டு முயற்சி, போட்டின்னு மூணு வகை விளையாட்டையும் மோதவிட்டாங்க. ஜெயிச்சது போட்டிதான். விளையாட்டு முடிஞ்ச பிறகும் நடையைத் தக்க வெச்சுக்கிட்டது அந்த ஒரு பிரிவு மட்டும்தான். சிங்கப்பூர்ல சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, அங்கே அரசே 2015-லேர்ந்து தேசிய அளவுல நடைப் போட்டி நடத்துது. நடந்து சேர்க்கிற பாயின்ட்டைக் கடைகள்ல செல்லுற வவுச்சரா மாத்திக்கலாம்.

ஒரு விஷயம் இந்த ஆய்வுகள்ல வராது. நம்ம ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போற அக்கா, காட்டுல களை எடுக்கிற அம்மா எல்லாம் உங்களை விட அதிகமா நடக்கிறவங்க. ஆனா போனை வீட்டுல வெச்சுட்டுப் போயிருப்பாங்க, இல்லை வீட்டுக்கே ஒரு போனா இருக்கும். ஆப் கணக்குப்படி அவங்க அன்னைக்கு நடந்தது சைபர். `ஃபேமிலி ஸ்டெப்ஸ் சேலஞ்ச்' ஆரம்பிக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கணும். இல்லைன்னா ஏ.சி. ரூம்ல கையை ஆட்டிக்கிட்டிருக்கிற தம்பிதான் சாம்பியன் ஆவான்.

இங்கேதான் உஷாரா இருக்கணும்

பணம் வந்தாலே குறுக்கு வழியும் வந்துடும். எடை பார்க்கிற நாளுக்கு முன்னாடி தண்ணி குடிக்காம இருக்கிறது, பேதி மாத்திரை போடுறது, ரெண்டு நாள் பட்டினி. மிஷின்ல 2 கிலோ குறைச்சுக் காட்டும், ஆனா அது கொழுப்பு இல்லை, வெறும் தண்ணி. வெயில் காலத்துல இப்படிச் செஞ்சா மயங்கி விழுந்து, ஜி.ஹெச்.ல டிரிப்ஸ் ஏத்துற நிலைமை வரும்.

வேகமா குறைக்கிறதோட விலை என்னன்னு `தி பிக்கஸ்ட் லூசர்'ங்கிற அமெரிக்க டி.வி. போட்டியாளர்களைப் பார்த்தா தெரியும். 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு ஆராய்ஞ்சாங்க. சராசரியா 58 கிலோ குறைச்சவங்க, அதுல 41 கிலோவைத் திரும்ப ஏத்தியிருந்தாங்க. அதை விட மோசம், அவங்க உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கிற கலோரி, எதிர்பார்க்கிறதை விட நாளைக்கு சுமார் 500 குறைஞ்சிருந்தது. பட்டினி காலம்னு நினைச்சு உடம்பு சேமிக்க ஆரம்பிச்சுடுது.

அடுத்து, `நடந்தா பணம்' ஆப்கள். 2022 வாக்குல `ஸ்டெப்என்'ங்கிற ஆப் உலகம் முழுக்கப் பரபரப்பாச்சு. பணம் போட்டு டிஜிட்டல் ஷூ வாங்கணும், நடந்தா கிரிப்டோ காசு. புது ஆள்கள் பணம் போடுற வரைக்கும்தான் பழைய ஆள்களுக்குக் காசு. அந்த வருஷமே அதோட மதிப்பு தரைதட்டிடுச்சு. இன்னைக்கும் டெலிகிராம்ல இந்த மாதிரி லிங்க் வரும். முதல்ல பணம் கட்டச் சொன்னா, அது நடை ஆப் இல்லை.

சட்டமும் இருக்கு. 2025 ஆகஸ்ட்டுல நாடாளுமன்றம் நிறைவேத்தின ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி பணம் ஜெயிக்கிற ஆன்லைன் கேம்களை, திறமையா அதிர்ஷ்டமான்னு பிரிக்காம தடை பண்ணுது. தோத்தவன் காசை ஜெயிச்சவன் எடுக்கிற மாதிரி ஆன்லைன்ல பொதுப் போட்டி நடத்தி, ஆள் சேர்க்கிற வேலையே வேண்டாம்.

சரி, குரூப் ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். ஆனா பந்தயமா இல்லாம, டெபாசிட்டா. அவங்கவங்க பணம் அவங்கவங்களுக்கே திரும்பணும். தவறவிட்டவர் பணம் ஊர் நூலகத்துக்கோ, படிச்ச அரசுப் பள்ளிக்கோ போகட்டும். ஜெயிச்சவருக்கு லாபம் இல்லைன்னா சூதாட்டம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை, நட்பும் கெடாது. தொகை, போனா வலிக்கணும், ஆனா வீட்டுச் செலவைத் தொடக் கூடாது. சிலருக்கு 500, சிலருக்கு 3,000.

இலக்கை எடைக்கு வைக்காம செயலுக்கு வைங்க. வாரத்துல அஞ்சு நாள் 8,000 அடி, ராத்திரி எட்டு மணிக்கு மேல பரோட்டா இல்லை, இப்படி. எடைதான் வேணும்னா மூணு மாசத்துல 5 சதவிகிதத்துக்கு மேல போகாதீங்க. 80 கிலோ ஆளுக்கு 4 கிலோ. கூடவே இடுப்புச் சுற்றளவையும் குறிச்சு வைங்க. நம்ம ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினா கவனிக்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க.

எங்கே நடக்கிறது? தமிழக சுகாதாரத்துறை 2023 நவம்பர்ல `நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தை ஆரம்பிச்சு, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப் பாதையை ஒதுக்கியிருக்கு. 8 கிலோமீட்டர்னா சுமார் 10,000 அடி. முழுசா வேண்டாம், பாதியில ஆரம்பிங்க. குரூப்புல பொண்ணுங்க இருந்தா, இருட்டுல தனியா நடக்கிற மாதிரி இலக்கு வைக்காதீங்க. மொட்டை மாடி நடையும் கணக்குல வரட்டும்.

சாப்பாட்டுல ஒரு குறிப்பு. `நாங்கதான் ராகிக் களி சாப்பிடுறோமே'ன்னு சொல்ற தர்மபுரிக்காரங்க கவனத்துக்கு: ராகியில கால்சியம் அதிகம், 100 கிராம்ல 300 மில்லி கிராமுக்கு மேல. நார்ச்சத்தும் உண்டு. ஆனா கலோரி அரிசிக்கு ரொம்பக் குறைவில்லை. ரெண்டு பெரிய உருண்டையும் கறிக்குழம்பும் உள்ளே தள்ளிட்டுப் படுத்தா, அது காட்டு வேலைக்காரரோட சாப்பாடு, உங்களோடது இல்லை.

18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க, கர்ப்பிணிகள், சாப்பாட்டு விஷயத்துல ஏற்கெனவே மனப் போராட்டம் இருக்கிறவங்களை இதுல இழுக்காதீங்க. சர்க்கரை, பி.பி. மாத்திரை போடுறவங்க டாக்டரைக் கேட்டுட்டுத்தான் சேரணும்; எடை குறையும்போது மாத்திரை அளவும் மாறலாம். பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில 2021 ஆகஸ்ட்டுல ஆரம்பிச்ச `மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் உங்க தெருவுக்கு வர்றப்போ, அம்மா அப்பாவுக்குப் பார்க்கும்போதே உங்களுக்கும் சர்க்கரை, பி.பி. பார்க்கச் சொல்லுங்க.

அப்புறம் அந்த ஓட்டை, பணம் நின்னா எடை திரும்பி வர்ற ஓட்டை. பிரிட்டன்காரங்க வழியையே எடுத்துக்கலாம். மூணாவது மாசம் பாதி டெபாசிட் மட்டும் திரும்பட்டும். மிச்சப் பாதி ஒன்பதாவது மாசம், பழக்கம் இன்னும் தொடர்ந்தா மட்டும். எடை பார்க்கிறது எல்லாரும் ஒரே மிஷின்ல, ஒரே நேரத்துல, காலையில சாப்பிடுறதுக்கு முன்னாடி. எண்ணை குரூப்ல போட வேண்டாம், `முடிச்சாச்சு / முடிக்கலை' மட்டும் போதும். யாரோட எடையும் யாருக்கும் மீம் ஆகக் கூடாது. பணத்தை வெச்சுக்கிறவர் போட்டியில இல்லாத ஆளா இருக்கட்டும். வருஷக்கணக்கா சீட்டு நடத்தி ஒரு ரூபாய் பிசகாத அக்கா ஒருத்தங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, அவங்களைக் கேட்டுப் பாருங்க.